ஒரு மீன்தானே என்று விட்டேன்

தென்காசியில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாதம், குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். அதன் பலன் ஒன்றே முக்கால் வருடம் கழித்து, சுந்தரபாண்டியபுரம் போகிற வழியில் ஒரு குளத்தங்கரையில் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சீசன் தொடங்கிவிட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது விடிகிற நேரத்தில் பழைய அருவிக்குக் குளிக்கப் போய்விடுவேன். அங்கே வெளியூரிலிருந்து வருகிறவர்கள் செய்கிற அநியாயத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோப்பு போடாதே, ஷாம்பு போடாதே என்று அவ்வளவு பெரிய எழுத்தில் போர்டு வைத்திருக்கிறது. அந்த போர்டுக்கு நேர் கீழேயே தலையில் நுரை பொங்க நிற்பாள் ஒருத்தி. கேட்டால், "ஒண்ணே ஒண்ணுதானே ஆன்ட்டி, சின்ன பாக்கெட்தானே" என்பாள். வரும் பாருங்கள் எனக்குக் கோபம்!

"ஏட்டி, நீ ஒண்ணு போடுத. உனக்குப் பின்னால நிக்குத அத்தன பேரும் ஒண்ணு ஒண்ணு போட்டா அங்கன தண்ணி விழுமா, நுரை விழுமா?" என்று நான் போடுகிற சத்தத்தில், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தலையை அலசிவிட்டு, காலி பாக்கெட்டைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போவாள். அதையும் நான்தான் பொறுக்க வேண்டும்.

இதோடு விட்டேனா? என் கடையிலேயே நோட்டீஸ் அடித்தேன். "அருவி உங்கள் வீட்டுக் குளியலறை அல்ல" என்று தடித்த எழுத்தில். குற்றாலம் போகிற ரோட்டில் டீக்கடை, நேந்திரம் சிப்ஸ் கடை, துண்டுக் கடை என்று ஒன்று விடாமல் கொடுத்து ஒட்டச் சொன்னேன். சுந்தரபாண்டியபுரம் என் மாமியார் ஊர். அங்கே சூரியகாந்தி பூக்கிற காலத்தில் போட்டோ எடுக்க வருகிற கூட்டம் வயலுக்குள் இறங்கி மிதிக்கும். அதற்கும் ஒரு நோட்டீஸ். "நோட்டீஸ் அக்கா" என்றே எனக்குப் பெயர் வந்துவிட்டது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

இப்போது மீனுக்கு வருகிறேன்.

என் கடையில் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. பட்டா, சிட்டா, ஆதார் என்று ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அந்தப் பிள்ளைகள் மெஷினில் கை வைக்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் தொட்டி வாங்கினேன். போகப் போக எனக்கே அதில் பித்துப் பிடித்துவிட்டது. ஆறு தங்க மீன்கள். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை அடிக்கும் என்பதால் இரண்டு வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, அதன் பிறகுதான் தொட்டியில் ஊற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுவேன். பில்டர் பஞ்சை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவேன். குழாயில் காட்டினால் அதில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்துப்போகும். இதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது, மூன்று மீன்களைச் சாகக் கொடுத்துவிட்டு.

இதற்கு நடுவே வாடிக்கையாளர்கள் அட்டகாசம் வேறு. பிள்ளை கண்ணாடியைத் தட்டும். பெற்றவள் பார்த்துச் சிரிப்பாள். ஒரு பெரிய மனிதர், வேட்டி சட்டையில் வந்தவர், தின்றுகொண்டிருந்த காராச்சேவில் பாதியை அள்ளித் தொட்டிக்குள் போட்டார். "பாவம், பசிக்கும்லா" என்றார். எண்ணெய் படர்ந்த அந்தத் தண்ணீரை மாற்ற எனக்கு மத்தியானம் முழுக்கப் போனது. அதற்கும் நோட்டீஸ் அடித்துக் கண்ணாடியில் ஒட்டினேன்.

கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிகிறதே என்று மீன் விற்கிற கடையில் கேட்டேன். கடைக்காரத் தம்பி விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு மீனைக் காட்டினான். கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. "டேங்க் கிளீனர் அக்கா. இது ஒண்ணு போதும். பாசி பூரா தின்னுரும், நீங்க தொட்டிக்குள்ள கையே வைக்க வேண்டாம்" என்றான். நான் வாங்கினேன். அது எவ்வளவு பெரிதாக வளரும் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றரை வருடத்தில் அது என் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. உடம்பு முழுக்க ஓடு போட்ட மாதிரி சொரசொரப்பு, முதுகில் முள். பாசியையெல்லாம் அது எப்போதோ மறந்தாயிற்று. தங்க மீன்களின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டு உறிஞ்ச ஆரம்பித்தது. ஒரு மீனுக்குச் செதில் உதிர்ந்து, புண்ணாகி, அது பக்கவாட்டில் சாய்ந்து நீந்தியது. அந்தக் கறுப்பு மீனை வாளியில் போட்டு, விற்ற கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

"திருப்பியெல்லாம் எடுக்க மாட்டோம் அக்கா. இந்த சைஸ யாரு வாங்குவா?" என்றான்.

"அப்போ விக்கும்போதே சொல்லணும்லா, இப்பிடி வளரும்னு?"

"யாருமே கேக்க மாட்டாவளே" என்று சொல்லிவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "ஏதாவது குளத்துல விட்டிருங்க அக்கா. எல்லாரும் அப்பிடித்தான் செய்தாவ" என்றான்.

அங்கேயும் சத்தம் போட்டேன். அவன் அசையவில்லை. சரி, சனியனே என்று மீனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் ஒரு பெயிண்ட் வாளியில் தனியாக வைத்தேன்.

அந்த வாரம் ஆடி அமாவாசை. என் கணவர் அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் குற்றாலம் போவார். அப்படியே மாமியார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவது வழக்கம். கிளம்பும்போது அவர், "இந்த மீனையும் எடுத்துக்க. அமாவாசையும் அதுவுமா ஒரு உசிரத் தண்ணியில விட்டா அப்பாவுக்குப் புண்ணியம்" என்றார். எனக்கும் மனதுக்கு இதமாக இருந்தது. கொன்று போடாமல் விடுதலை பண்ணுகிறோமே! ஸ்கூட்டரில் கால் நடுவே வாளியை இடுக்கிக்கொண்டு போனேன்.

தர்ப்பணம் முடிந்து, அருவித் தண்ணீர் ஓடி வருகிற வாய்க்கால் பக்கம் அவர் வாளியைக் கவிழ்க்கப் போனார். நான் விடவில்லை. "அருவித் தண்ணியில கண்டதையும் விடக் கூடாது" என்று அவரையே கடிந்துகொண்டேன். இதைத்தான் இன்றைக்கு நினைத்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அருவி அசுத்தமாகக் கூடாதாம். குளம் ஆனால் பரவாயில்லையாம். என் அறிவைப் பாருங்கள்!

சுந்தரபாண்டியபுரம் போகிற வழியில் ஒரு குளம். சாரல் மழையில் பாதி நிறைந்திருந்தது. படித்துறையில் இறங்கி வாளியைச் சாய்த்தேன். அது ஒரு நொடி கல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு வாலை ஒரு வீசு வீசிவிட்டு உள்ளே போய்விட்டது. "போய்ப் பிழைச்சுக்க" என்று நான் சொன்னேன். கையைக்கூடக் கூப்பினேன் என்று ஞாபகம். அன்றைக்கு மாமியார் வீட்டில் பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அதோடு மறந்தும் போனேன்.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம், சித்திரை வெயிலில், என் நாத்தனார் மகளுக்கு சுந்தரபாண்டியபுரத்தில் வளைகாப்பு. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ என்று கிளம்பி, அதே ரோட்டில் போகிறோம். குளத்தங்கரையில் கூட்டம். தண்ணீர் வற்றி, நடுவில் மட்டும் கிடந்தது. குத்தகைக்கு எடுத்தவர்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குளத்தில் வலை இழுக்கிற அன்றைக்கு, சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கரைக்கே வந்து உயிர்மீன் வாங்குவது எங்கள் பக்கம் வழக்கம். "விசேஷம் முடிஞ்சு நாளைக்குக் குழம்பு வைக்கலாம், ஒரு கட்லா வாங்குங்க" என்று நானே வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

இறங்கிப் பார்த்தால், கரையில் குவியல் குவியலாகக் கறுப்பாக எதுவோ கிடக்கிறது. பக்கத்தில் போனேன். அதே சொரசொரப்பு, அதே முள். என் தொட்டி மீன். ஒன்று இரண்டு இல்லை, கூடை கூடையாக. வெயிலில் கிடந்தும் சாகாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. காக்கா வந்து உட்கார்ந்து ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு எழுந்து போனது.

அந்தக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவள் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, மேலே ஆண் சட்டை போட்டு, சேற்றில் நின்று வலையை அறுத்துக்கொண்டிருந்தாள். ஆமாம், அறுத்துக்கொண்டிருந்தாள். முதுகு முள் வலையில் மாட்டினால் அந்த மீனை உருவ முடியாது, கண்ணியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவள் வலை கந்தலாகிக் கிடந்தது. அவள் விட்ட கட்லாக் குஞ்சும் ரோகுக் குஞ்சும் பெருகியிருக்க வேண்டிய குளம். ஒரு கூடையில் கொஞ்சம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் இந்தக் கறுப்புச் சனியன். குளத்தின் உள்கரையில் பொந்து பொந்தாகத் தோண்டியும் வைத்திருந்தது.

"ரெண்டு வருசமா குஞ்சு விட்டு, காவல் கெடந்து, இந்தச் சவத்தப் பிடிக்கதுக்கா நான் கெடந்தேன்?" என்று அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கரையில் நின்றவர்களுக்கு ஆத்திரம். ஒரு அண்ணாச்சி, "எல்லாம் இந்தக் குத்தாலத்துக்கு வாற வெளியூர்க்காரப் பயலுவ வேல. வண்டியில கொண்டுவந்து கண்டதையும் நம்ம தண்ணியில தட்டிட்டுப் போயிருதானுவ" என்றார். இன்னொருவர் ஆமாம் போட்டார். அப்போதுதான் அந்த அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் கடைக்கு வருகிறவர்தான்.

"இந்தா, நோட்டீஸ் அக்காவே வந்துட்டாவளே! நீங்க சொல்லுங்க அக்கா, நான் சொல்லுதது சரிதான? நீங்கதான அவனுவள வாங்கு வாங்குன்னு வாங்குவிய? இதுக்கும் ஒரு நோட்டீஸ் அடிச்சிருங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். ஆமாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். ரொம்ப எளிது. நான் தினமும் சொல்கிறதுதானே! "வெளியூர்க்காரங்க இருக்காங்களே" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் தடையில்லாமல் பேசுவேன். யாருக்கும் எதுவும் தெரியாது. என் கணவர் மட்டும் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கண் அந்தக் குவியலில் என்னுடைய மீனைத் தேடிக்கொண்டிருந்தது. பைத்தியக்காரத்தனம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஆனாலும் தேடினேன். அது அதற்குள் இருக்கக் கூடாது என்று ஏன் அப்படி வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"வெளியூர்க்காரவங்க இல்ல. நான்தான் விட்டேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடி அமாவாசைக்கு, அந்தப் படித்துறையில வச்சு நான்தான் விட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "அட, நீங்க ஒண்ணு விட்டிருப்பிய. ஒண்ணுல என்ன ஆயிரப் போவுது" என்று எனக்காகப் பரிந்து வந்தார். நானும், என் கெட்ட நேரம், அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, என் காதே கூசியது. பழைய அருவியில் நுரைத் தலையோடு நிற்கிறவள் சொல்கிற அதே வார்த்தை.

அந்தப் பெண் கத்தியைக் கீழே வைத்தாள். "போன மாசம் ஒரு போலீஸ்காரவுக வீட்டம்மா சொன்னாவ, அவியளும் ஒண்ணுதான் விட்டாவளாம். கடையநல்லூர்க்காரவுக ஒருத்தவுக, அவியளும் ஒண்ணுதானாம். எல்லாரும் ஒண்ணுதான் விட்டிருக்கிய. அப்போ இம்புட்டையும் நானா அக்கா விட்டேன்?"

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பட்டுப் புடவையையும் பூவையும் பார்த்தாள்.

"நின்னு பாத்துக்கிட்டு இருந்தா ஆச்சா? இங்கன இன்னொரு வலை கெடக்கு. வந்து மாட்டிக் கெடக்குதத எடுத்துப் போடுங்க" என்றாள்.

கேலிக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா, தெரியாது. நான் செருப்பைக் கழற்றினேன். என் கணவர், "ஏளா, வளைகாப்பு" என்றார். "நீங்க போங்க. உங்க அம்மாட்ட நான் பொறவு சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்தேன். அவர் போகவில்லை. பேண்டை மடித்துவிட்டு அவரும் வந்து உட்கார்ந்தார். புண்ணியம் என்று சொன்னவர் அவர்தானே, உட்காரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் வரை எடுத்தோம். அந்த முள் விரலில் ஏறினால் நகக்கண் வரை வலிக்கும். பிடியை இறுக்கினால் கையை அறுக்கும், தளர்த்தினால் வாலால் அடிக்கும். கடையில் விரல் நீளத்தில் அதைப் பார்த்து "அழகா இருக்கே" என்று சொன்னவள் நான். ஒரு தடவை கண்ணியை வெட்டும்போது தெரியாமல் அதிகமாக வெட்டிவிட்டேன். "வலையையாவது மிச்சம் வையுங்க அக்கா" என்றாள் அவள். அதைத் தவிர அவள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கேட்டபோது மட்டும் தன் பாட்டிலை நீட்டினாள். பிடித்த மீனையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தார்கள். கிளம்பும்போது ஒரு கட்லா கேட்டேன். "இன்னைக்கு உங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

சேறும் மீன் வாடையுமாகப் போய் நின்ற என்னைப் பார்த்து மாமியார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது தனிக் கதை. கெட்டுப்போன பட்டுப் புடவை இன்னும் பீரோவில் கிடக்கிறது.

மறுநாளே அந்த மீன் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவன் மாறவில்லை; இன்றைக்கும் விரல் நீளத்தில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான். எனக்கு அவன் மேல் கோபம் தீரவில்லை, தீரவும் தீராது. வளர்ந்தால் எவ்வளவு வரும் என்று ஒரு வரி எழுதி ஒட்ட அவனுக்கு என்ன கேடு? ஆனால் அவன் கடையில் நான் போட்ட சத்தத்தில் பாதி எனக்குப் போட்டதுதான்.

இப்போது என் கடைத் தொட்டியில் காராச்சேவு நோட்டீஸுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டீஸ் இருக்கிறது: "வளர்க்க முடியாத மீனைக் குளத்தில் விடாதீர்கள், இங்கே கொண்டு வாருங்கள்." கொண்டும் வருகிறார்கள், கர்மம். கடைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டி, அதில் ஏழு கறுப்புச் சனியன்களைப் போட்டு வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். கொண்டுவந்து தருகிறவர்கள் ஒவ்வொருவரும், "ஒண்ணுதான் அக்கா" என்று சொல்லித்தான் தருகிறார்கள்.

இந்த வருடம் சீசனுக்கும் பழைய அருவிக்குப் போனேன். போன வாரம் ஒரு பெண் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துவிட்டு, "ஒண்ணுதானே ஆன்ட்டி" என்றாள். நான் விடவில்லை, சத்தம் போட்டுப் பாக்கெட்டைப் பிடுங்கிவிட்டேன். முன்பெல்லாம் அப்படித் திட்டும்போது என் முன்னால் நிற்கிறவள் மட்டும்தான் தெரிவாள். இப்போது அவள் பக்கத்தில், கையில் பெயிண்ட் வாளியோடு படித்துறையில் இறங்குகிற நானும் தெரிகிறேன்.